எண்பதாவது பள்ளி: பாஸ்டன் எல்லை மாற்றம், 1974

1974 செப்டம்பர் 12, வியாழக்கிழமை. அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் கோடை விடுமுறை முடிந்து அரசுப் பள்ளிகள் திறந்த நாள். கறுப்பின, வெள்ளைப் பிள்ளைகள் கலந்து படிக்க வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டு, எந்தத் தெருப் பிள்ளைக்கு எந்தப் பள்ளி என்ற எல்லைகள் மாறியிருந்தன. அப்படிப் பிள்ளைகளை இடம் மாற்றியிருந்த பள்ளிகள் 80. அவற்றில் 79 பள்ளிகளில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. மணி அடித்தது, வருகைப் பதிவு எடுத்தார்கள், பிள்ளைகள் வீடு திரும்பினார்கள். எண்பதாவது பள்ளியின் படம்தான் உலகம் முழுக்கப் போனது. மேட்டின் மேல் நிற்கும் சவுத் பாஸ்டன் உயர்நிலைப் பள்ளி, கீழே சாலையோரம் கூட்டம், கறுப்பினப் பிள்ளைகள் ஏறி வந்த மஞ்சள் பஸ்கள்மீது கல்.

பாஸ்டன் கதையை வழக்கமாக இரண்டு விதமாகச் சொல்வார்கள். வெள்ளையர்களின் இனவெறி வெடித்தது என்பது ஒன்று. ஏசி அறையில் உட்கார்ந்த நீதிபதி ஏழைப் பிள்ளைகளை வைத்துப் பரிசோதனை செய்தார் என்பது மற்றொன்று. இரண்டிலுமே உண்மை உண்டு. ஆனால் இரண்டும் அந்த 79 பள்ளிகளைப் பற்றிப் பேசுவதில்லை. எல்லையை மாற்றியதுதான் பிள்ளைகளை ஆபத்தில் தள்ளியது என்றால், 80 இடத்திலும் அல்லவா கல் பறந்திருக்க வேண்டும்? மாற்றம் வரப்போகிறது என்று 9 ஆண்டுகளாகத் தெரிந்திருந்தும், அதற்குத் தயாராக மாட்டோம் என்று பிடிவாதம் பிடித்த பெரியவர்கள்தான் எண்பதாவது பள்ளியை உருவாக்கினார்கள் என்பது என் கணிப்பு. அதைப் பார்க்க 1974-இலிருந்து கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

லீ பள்ளி, 1971

1965-இல் மாசசூசெட்ஸ் மாநிலம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஒரு பள்ளியில் வெள்ளையர் அல்லாத பிள்ளைகள் பாதிக்கு மேல் இருந்தால் அது இனச் சமநிலை இல்லாத பள்ளி. அதைச் சரிசெய்யத் திட்டம் கொடுக்காத ஊருக்கு மாநிலத்தின் பணம் நிற்கும். வேறு எந்த மாநிலத்திலும் அப்படி ஒரு சட்டம் அப்போது இல்லை. பாஸ்டனின் அரசுப் பள்ளிகளை நடத்தும் பள்ளிக் குழு அதைச் சட்டை செய்யவே இல்லை. ஐந்து பேர் கொண்ட குழு, நகரம் முழுவதும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பது, ஐவருமே வெள்ளையர். அதன் முகம் லூயிஸ் டே ஹிக்ஸ். 1963-இல் கறுப்பின உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி.யின் சார்பில் ரூத் பாட்சன் போய், எங்கள் பிள்ளைகளின் பள்ளிகள் நடைமுறையில் பிரித்துத்தான் வைக்கப்பட்டிருக்கின்றன என்று சொன்னபோது, அந்தச் சொல்லையே காதில் வாங்க மறுத்தவர்.

அந்தச் சட்டத்தில் தண்டனை மட்டும் இல்லை, தூண்டிலும் இருந்தது. சமநிலையோடு திறக்கும் புதிய பள்ளிக்கு மாநிலம் தாராளமாகப் பணம் தரும். டார்செஸ்டர் பகுதியில் ஃபிராங்க்ளின் ஃபீல்டு அருகே எழுந்த ஜோசப் லீ பள்ளி அப்படிக் கட்டியதுதான். பள்ளியைச் சுற்றிக் கறுப்பினக் குடும்பங்கள், சில தெருக்கள் தாண்டினால் வெள்ளையர் வீடுகள். பாதிக்குப் பாதி வர வேண்டுமானால் எல்லைக்கோட்டை வளைத்துப் போட வேண்டும். தூரத்துத் தெருக்களின் வெள்ளைப் பிள்ளைகள் உள்ளே வர வேண்டும், வாசலுக்கு எதிரிலேயே குடியிருக்கும் கறுப்பினப் பிள்ளைகளில் சிலர் வெளியே போக வேண்டும்.

1971 செப்டம்பரில் பள்ளி திறந்தது. வெள்ளைப் பெற்றோர்கள் பிள்ளைகளை அனுப்பவில்லை. அவர்கள் சொன்ன காரணங்களில் முதலில் நின்றது பாதுகாப்பு. அந்த வழியாகச் சின்னப் பிள்ளை எப்படி நடந்து போகும்? தங்கள் பழைய பள்ளிகளான ஃபைஃபீல்டிலும் ஓஹெர்னிலும் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டார்கள். இன்னொரு பக்கம், லீ பள்ளியின் ஜன்னலைத் தன் வீட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த கறுப்பினத் தாய்க்கு வேறு கேள்வி. கண்ணெதிரே புதுப் பள்ளி இருக்க, என் பிள்ளை ஏன் தூரத்துப் பழைய கட்டடத்துக்கு நடக்க வேண்டும்? நியாயம்தானே. இனச் சமநிலை என்ற நல்ல நோக்கம் ஒரு வீட்டு வாசலில் வந்து நிற்கும்போது இப்படித்தான் ஆகிறது. எந்தக் கோடு போட்டாலும் ஏதோ ஒரு தாய்க்கு நியாயமான புகார் இருக்கும்.

பள்ளிக் குழு கூடியது. முன்பு திட்டத்தை ஆதரித்த ஓர் உறுப்பினர் பக்கம் மாற, 3-க்கு 2 என்ற ஓட்டில் பழைய பள்ளிகளிலேயே பிள்ளைகள் இருக்கலாம் என்று முடிவானது. சமநிலை என்று சொல்லிப் பணம் வாங்கிக் கட்டிய பள்ளி, சமநிலை இல்லாமலே நடந்தது. மாநிலம் நிதியை நிறுத்தியது.

அந்த 3-க்கு 2 ஓட்டைத்தான் இந்த விவகாரம் திரும்பிய இடமாக நான் பார்க்கிறேன். நடக்கும் வழியில் பயம் இருக்கிறது என்று பெற்றோர் சொன்னபோது, குழுவுக்குச் செய்ய எத்தனையோ இருந்தது. தெருமுனைக்கு ஒரு காவலர், ஒரு பஸ், பள்ளி திறப்பதற்கு முன்பே இரண்டு தரப்புப் பெற்றோரையும் ஒரே அறையில் உட்கார வைத்து ஒரு கூட்டம். இதில் எதையும் உருப்படியாகச் செய்யாமல், பயத்தைக் காரணமாகக் காட்டிக் கோட்டை அழித்தார்கள். பயம் அப்படியே இருந்தது. சத்தம் போட்டால் கோடு நகரும் என்ற பாடம் மட்டும் ஊர் முழுக்கப் பரவியது.

கோடு எப்படி வேலை செய்தது

1972-இல் கறுப்பினப் பெற்றோர்கள், அதே என்.ஏ.ஏ.சி.பி.யின் துணையோடு, மத்திய நீதிமன்றத்துக்குப் போனார்கள். மார்கன் எதிர் ஹென்னிகன் வழக்கு. நீதிபதி ஆர்தர் காரிட்டி 1974 ஜூன் 21 அன்று 152 பக்கத் தீர்ப்பு கொடுத்தார். பிரிவினை தானாக வந்ததில்லை, பள்ளிக் குழு தெரிந்தே வளர்த்தது என்பது முடிவு. அன்று அந்தத் தீர்ப்பைத் திட்டியவர்களில் எத்தனை பேர் படித்துவிட்டுத் திட்டினார்களோ தெரியாது. லீ பள்ளி அதில் வருகிறது. அதைவிட நுட்பமான ஒரு விஷயமும் வருகிறது.

பாஸ்டனில் நடுநிலைப் பள்ளிகள் இரண்டு வகை. ஒன்று 6 முதல் 8 வரை, இன்னொன்று 7 முதல் 9 வரை. முதல் வகையில் படித்தவர்கள் பெரும்பாலும் கறுப்பினப் பிள்ளைகள், இரண்டாம் வகையில் பெரும்பாலும் வெள்ளைப் பிள்ளைகள். இப்போது உயர்நிலைப் பள்ளிகளைப் பாருங்கள். சில 9-ஆம் வகுப்பில் தொடங்கும், சில 10-இல். எட்டை முடித்த பிள்ளை 10-இல் தொடங்கும் பள்ளிக்கு எப்படிப் போகும்? வரைபடத்தில் கோடே இழுக்காமல் வகுப்பு எண்ணை வைத்தே பிள்ளைகளை இரண்டு வாய்க்காலில் பிரித்துவிட்டார்கள். சில வெள்ளையர் பள்ளிகள் நெரிந்து வழிந்தன, கொஞ்ச தூரத்தில் கறுப்பினப் பள்ளியில் பெஞ்சுகள் காலியாகக் கிடந்தன. ஆனாலும் கோடு நகரவில்லை.

எதிர்த்தவர்களின் கோஷம், எங்கள் பிள்ளைகள் எங்கள் பேட்டைப் பள்ளியிலேயே படிக்கட்டும் என்பது. கேட்க இதமான கோஷம். ஆனால் தீர்ப்புக்கு முன்பே பாஸ்டனில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் பஸ்ஸிலும் ரயிலிலும்தான் பள்ளிக்குப் போய்வந்தார்கள், பேட்டையைத் தாண்டி, விருப்ப மாற்றம் என்ற பெயரில். தூரம் யாருக்கும் உறுத்தவில்லை, கடைசியில் என்ன பள்ளி இருக்கிறது என்பதுதான் உறுத்தியது.

தமிழில் கோடு என்ற சொல்லோடு ஐ சேர்ந்தால் கோட்டை ஆகிவிடும். அந்த ஊரிலும் அதுதான் ஆயிற்று.

83 நாள்

தீர்ப்புக்கும் பள்ளி திறப்பதற்கும் இடையே 83 நாள். பள்ளிக் குழு தன் சார்பில் ஒரு திட்டம்கூடத் தயாராக வைத்திருக்கவில்லை. மாநிலக் கல்வி வாரியம் முன்பே வரைந்து வைத்திருந்த திட்டத்தை முதல் ஆண்டுக்கு நீதிபதி அப்படியே எடுத்துக்கொண்டார்.

அதில்தான் அந்த ஜோடி இருந்தது. சவுத் பாஸ்டன் என்பது மூன்றடுக்கு மர வீடுகளும் தேவாலயங்களும் மதுக்கடைகளும் நெருக்கிக் கட்டிய, ஐரிஷ் வம்சாவளி ஏழைக் கத்தோலிக்கர்களின் பேட்டை. மூன்று பக்கமும் தண்ணீர். வெளியாள் நுழைந்தாலே தெரிந்துவிடும். ராக்ஸ்பரி கறுப்பின மக்களின் பகுதி. திட்டப்படி சவுத் பாஸ்டன் பள்ளியின் 11-ஆம் வகுப்பு மொத்தமும் ராக்ஸ்பரி உயர்நிலைப் பள்ளிக்குப் போக வேண்டும். 10-ஆம் வகுப்பில் பாதி அங்கிருந்து இங்கே, பாதி இங்கிருந்து அங்கே. 12-ஆம் வகுப்புக்கு மட்டும் விருப்பம்.

நீதிபதியை இந்த இடத்தில் நான் குறை சொல்வேன். நகரத்தின் மிக வறிய இரண்டு பேட்டைகள், இரண்டிலுமே படிப்பு மட்டம். இவர்களை முதல் ஆண்டே மோதவிட்டு யாருக்கு என்ன லாபம்? நல்ல ஆய்வகமும் நல்ல ஆசிரியரும் இருக்கும் பள்ளிக்குப் பிள்ளை போகிறது என்றால் பெற்றோரிடம் பேசிப் பார்க்கலாம். இங்கே ஒரு தேய்ந்த பள்ளியிலிருந்து இன்னொரு தேய்ந்த பள்ளிக்கு. தொடக்கமாக வேறு ஜோடிகளை எடுத்துக்கொண்டு, இந்த இரண்டையும் ஓராண்டு தள்ளி வைத்திருக்கலாம்.

அந்த 83 நாளில் உருப்படியாக வேலை செய்த ஓரிடம் ராக்ஸ்பரியில் இருந்தது. ஃப்ரீடம் ஹவுஸ் என்ற சமூக மையம். எலன் ஜாக்சனும் மற்றவர்களும் பெற்றோர்களைக் கூட்டிப் பேசினார்கள், எந்தப் பிள்ளைக்கு எந்தப் பள்ளி என்று விளக்கினார்கள். ஜாக்சன் 1965-லேயே, நன்கொடை திரட்டி, காலி இடம் இருந்த வெள்ளையர் பள்ளிகளுக்குக் கறுப்பினப் பிள்ளைகளை பஸ் ஏற்றி அனுப்பிக் காட்டியவர். மறுபுறம், ஹிக்ஸ் தலைமையில் ரோர் என்ற எதிர்ப்பு இயக்கம். செப்டம்பர் 9 அன்று நகர மண்டபச் சதுக்கத்தில் கூடிய எதிர்ப்புக் கூட்டத்தில், திட்டத்தை ஆதரித்த செனட்டர் எட்வர்ட் கென்னடி பேசப் போனார். முட்டையும் தக்காளியும் பறந்தன. தன் அண்ணன் பெயர் தாங்கிய மத்திய அரசுக் கட்டடத்துக்குள் அவர் ஓடி நுழைய வேண்டியதாயிற்று, அவர் பின்னாலேயே கண்ணாடி உடைந்தது.

முதல் நாள் சவுத் பாஸ்டன் பள்ளிக்கு வர வேண்டிய சுமார் 1,300 பேரில் வந்தது நூறு பேர் அளவுக்குத்தான். மாலையில் திரும்பிய பஸ்களில் ஜன்னல்கள் இல்லை. ஃப்ரீடம் ஹவுஸில் இறங்கிய பிள்ளைகளின் தலைமுடியில் கண்ணாடித் தூள். அவர்களைத் தேற்றி, சுத்தம் செய்து, அடுத்த நாள் மறுபடி ஏற்றி அனுப்பினார்கள். கல்லெறிந்த கூட்டமும் பாதுகாப்பு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. அதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

டிசம்பர் 11

அக்டோபர் 10 வரைக்கும் 149 கைதுகள், 129 பேருக்குக் காயம். கைதுகளில் ஐந்தில் இரண்டு பங்கு சவுத் பாஸ்டன் பள்ளி ஒன்றிலேயே. அக்டோபர் 9 அன்று ஜனாதிபதி ஃபோர்டு, நீதிபதியின் உத்தரவில் தனக்கு உடன்பாடில்லை என்று செய்தியாளர்களிடம் சொன்னார். சாலையோரம் நின்றவர்களுக்கு வேறு என்ன வேண்டும்?

வெள்ளைப் பெற்றோரின் பயத்தை வெறும் சாக்கு என்று தள்ளிவிடவும் முடியாது. டிசம்பர் 11 காலை, சவுத் பாஸ்டன் பள்ளியின் நடைவழியில் ஒரு வெள்ளை மாணவனை ஒரு கறுப்பின மாணவன் கத்தியால் குத்தினான். பையன் பிழைத்துக்கொண்டான். ஆனால் செய்தி மேட்டிலிருந்து கீழே இறங்குவதற்குள் அவன் செத்துவிட்டான் என்றே பலர் நம்பினார்கள். வெள்ளை மாணவர்கள் வெளியே வந்துவிட்டார்கள். வாசலில் ஆயிரத்துக்கு மேல் கூட்டம். உள்ளே நூறுக்கு மேற்பட்ட கறுப்பினப் பிள்ளைகள் மாட்டிக்கொண்டார்கள்.

ஹிக்ஸ் ஒலிபெருக்கியை எடுத்து, அந்தப் பிள்ளைகளை வீட்டுக்குப் போக விடுங்கள் என்று கேட்டார். பத்தாண்டுகளுக்கு மேலாக அந்த மக்களுக்குத் தலைவியாக இருந்தவர். கூட்டம் அவரையே கூச்சலிட்டு அடக்கியது. கடைசியில் போலீஸ் ஒரு தந்திரம் செய்தது. முன்வாசலில் வெறும் பஸ்களைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கூட்டம் அவற்றைப் பார்த்துப் பாய்ந்தபோது, பின்பக்கக் கதவு வழியாகப் பிள்ளைகளை வேறு பஸ்களுக்கு ஓட வைத்துக் கொண்டுபோனார்கள்.

பள்ளி ஒரு மாதம் மூடிக் கிடந்தது. ஜனவரியில் திறந்தபோது வாசலில் உலோகச் சோதனைக் கருவி. அமெரிக்கப் பள்ளிகளில் அது அப்போது புதுசு. சுமார் 400 மாணவர்களுக்கு 500 போலீஸ். ஒரு பிள்ளைக்கு ஒரு போலீஸ்காரரைவிட அதிகம்.

அதே டிசம்பரில் பள்ளிக் குழு, இரண்டாம் ஆண்டுக்கான திட்டத்தை நீதிமன்றத்தில் கொடுக்க முடியாது என்று 3-க்கு 2 ஓட்டில் மறுத்தது. மறுபடியும் 3-க்கு 2! மூன்று பேர்மீதும் நீதிமன்ற அவமதிப்பு. இனச் சமநிலைக் கோட்டைச் சட்டப்படி எதிர்ப்பது அவர்கள் உரிமை, அதை நான் மறுக்கவில்லை. மேல்முறையீடு நடக்கட்டும். ஆனால் அது நடக்கும்போதே நாளைக் காலை பஸ் எந்த வழியாக வரும், நடைவழியில் யார் நிற்பார், வதந்தி கிளம்பினால் யார் பதில் சொல்வார் என்பதை முடிவு செய்வது அதே குழுவின் வேலை. அதைச் செய்தால் உத்தரவை ஏற்றுக்கொண்டது போல் ஆகிவிடும் என்று விட்டுவிட்டார்கள். விட்ட வேலையைப் போலீஸ் லத்தியை வைத்துச் செய்தது.

1975-இல் நீதிபதியே முழுத் திட்டம் போட்டார். நகரத்தை எட்டு சமூக வட்டாரங்களாகப் பிரித்து, எல்லாப் பகுதியிலிருந்தும் விரும்பிச் சேரக்கூடிய சிறப்புப் பள்ளிகளை ஒன்பதாவது வட்டாரமாக வைத்தார். கறுப்பின ஆசிரியர்கள் 20 சதவீதம் ஆகும்வரை ஒரு வெள்ளையருக்கு ஒரு கறுப்பினத்தவர் என்ற விகிதத்தில் நியமனம். ஒவ்வொரு பள்ளியிலும் இரு இனப் பெற்றோர் குழு. பள்ளிகளோடு கைகோக்கப் பல்கலைக்கழகங்களையும் இழுத்து வந்தார். முதல் ஆண்டே இருந்திருக்க வேண்டியவை இவை. சவுத் பாஸ்டன் பள்ளியை அந்த டிசம்பரில் குழுவின் கையிலிருந்து பிடுங்கி நீதிமன்றமே நிர்வகிக்கத் தொடங்கியது. 1976 ஏப்ரல் 5 அன்று நகர மண்டபத்துக்கு வெளியே, கூட்டத்துக்கு வேலையாக வந்த கறுப்பின வழக்கறிஞர் டெட் லாண்ட்ஸ்மார்க்கைத் தேசியக் கொடிக் கம்பத்தாலேயே ஒரு வெள்ளை இளைஞன் தாக்கினான். ஸ்டான்லி ஃபோர்மன் எடுத்த அந்தப் படத்துக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது.

நகராத கோடு

இதே காலத்தில் வட கரோலினாவின் சார்லட்டில் ஊர் முழுக்க பஸ் ஓடியது, 1971-இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பின்படி. அங்கும் எதிர்ப்பு இருந்தது, ஆனால் சில ஆண்டுகளில் அடங்கியது. 1974 இறுதியில் வெஸ்ட் சார்லட் பள்ளி மாணவர்கள், வந்து பாருங்கள் என்று பாஸ்டன் மாணவர்களையே அழைத்தார்கள், போயும் பார்த்தார்கள். தெற்கத்திக்காரர்கள் வடக்கத்திக்காரர்களுக்குப் பாடம் எடுத்த காட்சி. சார்லட்டில் நகரமும் சுற்றியுள்ள கிராமப்புறமும் சேர்ந்து ஒரே பள்ளி மாவட்டம். பணக்காரன் புறநகருக்கு ஓடினாலும் அதே கோட்டுக்குள்தான் இருப்பான். வக்கீல் பிள்ளையும் அதே பஸ்ஸில் ஏற வேண்டும் என்றால் பள்ளி தானாகவே கவனிக்கப்படும்.

பாஸ்டனில் அந்த வாசல் மூடியது 1974 ஜூலை 25 அன்று, காரிட்டி தீர்ப்புக்கு 34 நாள் கழித்து. டெட்ராய்ட் பற்றிய மில்லிகன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று சொன்னது: பிரிவினையில் தங்களுக்குப் பங்கு இருந்ததாக நிரூபிக்கப்படாத புறநகர்ப் பள்ளி மாவட்டங்களை நகரத் திட்டத்துக்குள் இழுக்க முடியாது. அதோடு பாஸ்டன் திட்டம் பாஸ்டனுக்குள் வசதி இல்லாதவர்களின் திட்டமாகச் சுருங்கியது. நீதிபதி காரிட்டி வசித்த வெல்லஸ்லி அந்தக் கோட்டுக்கு வெளியே. சவுத் பாஸ்டன்காரர்கள் ஆயிரம் தவறு செய்தார்கள், ஆனால் இதைச் சொல்லிக் காட்டியபோது அவர்களுக்குப் பதில் சொல்ல யாரிடமும் ஒன்றும் இல்லை.

முடிந்தவர்கள் கிளம்பினார்கள். கத்தோலிக்கப் பள்ளிகள் ஓடி ஒளியும் இடமாகக் கூடாது என்று பாஸ்டனின் கத்தோலிக்கப் பேராயர் கார்டினல் மெடீரோஸ் சொன்னார், எல்லாரும் கேட்கவில்லை. 1970-களின் தொடக்கத்தில் 90,000-க்கு மேல் இருந்த மாணவர் எண்ணிக்கை 1980-களின் முடிவில் 57,000 அளவுக்கு இறங்கியது. எல்லாமே பஸ்ஸால் வந்தது என்று சொல்ல முடியாது, புறநகருக்குப் போவது முன்பே தொடங்கியிருந்தது, பிறப்பு விகிதமும் குறைந்தது. 1985-இல் காரிட்டி பெரும்பாலும் விலகிக்கொண்டார். 1999-இல் இனத்தைப் பார்த்துப் பள்ளி ஒதுக்குவதைப் பள்ளிக் குழு கைவிட்டது. 2021-இல், நுழைவுத் தேர்வுப் பள்ளிகளில் இடங்களைக் குடியிருக்கும் பகுதியை வைத்துப் பங்கிட்டபோது மறுபடியும் வழக்கு. நகரத்தின் முறை சரி என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023-இல் சொன்னது, அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்தது.

இத்தனைக்கும் நடுவே சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பஸ் உண்டு. 1966-இல் 220 பிள்ளைகளோடு தொடங்கிய மெட்கோ திட்டம். நகரத்துப் பிள்ளைகளை, பெரும்பாலும் கறுப்பினப் பிள்ளைகளை, விரும்பிச் சேர்த்துக்கொள்ளும் புறநகர்ப் பள்ளிகளுக்குக் கொண்டுபோகும். முதலில் முன்வந்த ஏழு ஊர்களில் வெல்லஸ்லியும் ஒன்று. வெல்லஸ்லிக்குப் போக ராக்ஸ்பரிப் பிள்ளை விடியற்காலையில் எழுந்து கிளம்ப வேண்டும். வெல்லஸ்லிப் பிள்ளையை ராக்ஸ்பரிக்குக் கொண்டுவர அந்தத் திட்டத்தில் பஸ் இல்லை.